நீ மாற்றிச் சொன்ன கேள்வி

அருள்,

நேற்று நீ போனில் சொன்னதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. பார்லரில் ஒரு நிக்காஹ் பெண் பாதி மேக்கப்பில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். நான் சம்மதித்துவிட்டதாக நீ எடுத்துக்கொண்டிருப்பாய். நான் சம்மதிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் பாதி கேட்டுவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய். எழுதினால் முழுதாகப் படிப்பாய் என்பது என் நம்பிக்கை. உன்னைப் போலவே வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் என்ன சொல்லுமோ என்று கவலைப்படும் பிள்ளைகள் நம் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள், பிரான்சில், துபாயில், சிங்கப்பூரில். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை ஒட்டி மூடாமல் எழுதுகிறேன்.

நீ சொன்னது இது: "கொழந்த பொறந்து கொஞ்சம் பெருசாகட்டும்மா, அப்புறம் ஊருக்குக் கூட்டிட்டு வரோம். ஞானஸ்நானத்த இங்கயே முடிச்சிடறோம். அங்க வந்தா யாராவது எதையாவது சொல்லுவாங்க. நியா மனசு கஷ்டப்படும்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். உன் நல்ல எண்ணத்தில்தான் எனக்குச் சண்டையே. அதைப் புரிய வைக்க நான் அட்லாண்டாவிலிருந்து தொடங்க வேண்டும்.

நீ நியாவைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னபோது உன் அப்பா, "நீ போய்ப் பாத்துட்டு வா. ஒனக்குச் சரின்னா எனக்கும் சரி" என்று சொல்லி விமானப் பயணத்திலிருந்து தப்பித்துக்கொண்டார். நான் தனியாக வந்தேன். பெண் பார்க்கப் போனவளுக்கு அங்கே சொஜ்ஜியும் இல்லை, பஜ்ஜியும் இல்லை. வந்த வாரமே நியா என்னை ஒரு சினிமாவுக்கு அழைத்துப் போனாள். அவள் ஒளிப்பதிவு செய்த படம். பெரிய கம்பெனி எடுத்ததில்லை, நண்பர்கள் கூடிக் கையில் இருந்ததைப் போட்டு எடுத்தது. கருப்பின மக்கள் அதிகமாக வாழும் பகுதியில் ஒரு பழைய தியேட்டர். உள்ளே போனதும் எனக்கு நம்மூர் மாதிரியே இருந்தது. படம் ஓடும்போது ஜனங்கள் திரையோடு பேசினார்கள். "போகாதே, போகாதே" என்றார்கள். "அவனை நம்பாதே" என்றார்கள். நியாவின் அம்மா பிரெண்டா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோளப்பொரியைக் கொறித்தபடி கதாநாயகிக்கு யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தக் கதை உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு கருப்பினப் பெண்மணி, தலை நரைத்த பிறகு நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறார். மகள் கேட்கிறாள், இந்த வயதில் எதற்கு என்று. அதற்கு அவர் பதில் சொல்வதில்லை, படம்தான் சொல்கிறது. அவர் சிறுமியாக இருந்தபோது ஊரில் ஒரு பொது நீச்சல் குளம் இருந்தது. வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் இறங்கலாம். எல்லோரையும் விட வேண்டும் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. அந்தச் சிறுமி துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறாள். குளத்துக்குள் லாரி லாரியாக மண் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் இறங்க வேண்டாம், நாமும் இறங்க வேண்டாம் என்று குளத்தையே மூடிவிட்டார்கள். மேலே புல் வைத்து, பெஞ்சு போட்டு, பூங்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். படத்தின் கடைசியில் அந்தப் பெண்மணி ஏதோ ஒரு குளத்தில் மல்லாந்து மிதக்கிறார், அவ்வளவுதான். தியேட்டரே எழுந்து நின்று கை தட்டியது.

எனக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. நான் பெண்களின் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிறவள். திரையில் அந்த அம்மாவின் முகம் என் முகத்தின் நிறம். நம் சினிமாவில் என் நிறத்து முகத்தை வேலைக்காரிக்கும் அடியாளின் பெண்டாட்டிக்கும்தான் பார்த்திருக்கிறேன், அதிலும் பாதி இருட்டில். நியாவின் படத்தில் அந்த முகத்தில் ஒரு சுருக்கம் கூடத் தொலைந்து போகவில்லை. எப்படி என்று கேட்டேன். "அந்தக் காலத்துல ஃபிலிம், வெளக்கு எல்லாத்தையும் வெள்ளை முகத்த வச்சே அளந்தாங்க. நாங்க நின்னா பல்லும் கண்ணும்தான் தெரியும். எங்களுக்கு வெளக்கு ஜாஸ்தி வேண்டாம்மா, எடம் மாத்தி வச்சா போதும்" என்றாள். அவள் இங்கிலீஷில் சொன்னதை நான் என் தமிழில் எழுதுகிறேன். அவள் சொன்ன அந்த ஒரு வரியிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. தொழில் தெரிந்த பெண்.

படம் முடிந்ததும் நான் எழுந்தேன். நம்மூரில் கடைசிச் சீன் வருவதற்குள் பாதிப் பேர் வண்டி எடுக்க ஓடிவிடுவார்களே, அந்தப் பழக்கம். பிரெண்டா என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார். "இனிமேதான் இருக்கு" என்றார். நியாவும் டைரக்டரும் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், மைக் கை மாறியது. ஒரு வெள்ளைக்கார அம்மா எழுந்து, படம் பார்த்து அழுதுவிட்டதாகவும், உள்ளுக்குள் நாம் எல்லோரும் ஒன்றுதானே என்றும் சொன்னார். பின்னாலிருந்து யாரோ, "உள்ளே ஒண்ணுதாம்மா. கொளம் வெளியிலதான இருந்துச்சு" என்றார்கள். ஒரே சிரிப்பு. அந்த அம்மாவும் சிரித்துவிட்டு உட்கார்ந்து, கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் அடிக்கவில்லை, யாரும் கோபித்துக்கொண்டு வெளியே போகவில்லை. இந்தப் பேச்சை இப்படியும் பேசலாமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்போதுதான் நியா என்னைக் காட்டி, இந்தியாவிலிருந்து வந்திருக்கும் அருளின் அம்மா என்று சொன்னாள். எனக்கு முன்வரிசையில் தொப்பி வைத்த ஒரு பெரியவர் திரும்பி, நேராக என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நீ என் பக்கம் குனிந்து சொன்னாய்: "நம்ம ஊர்ல கொளம் இருக்கான்னு கேக்கறாரும்மா."

அவர் கேட்டது அதுவல்ல. "உங்கள் ஊர்க் குளத்தில் யார் யார் இறங்கலாம்?" என்று கேட்டார்.

அவர் பேசிய இங்கிலீஷ் எனக்குப் புரிந்திருக்காது என்று நீ நினைத்திருக்கலாம். கான்வென்ட்டில் படித்தவள் நான். நியூஸ் வாசிப்பவர் போலப் பேச வராது, ஆனால் கேட்கிற கேள்வி புரியும். நீ மாற்றிச் சொன்னதும் புரிந்தது, ஏன் மாற்றினாய் என்பதும் புரிந்தது. அம்மா சங்கடப்படக் கூடாது, ஊர் மானம் போகக் கூடாது. நான் மைக்கை வாங்கினேன். எனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னேன். என் அம்மா பிறந்த ஊர்க் குளத்தில் நாலு பக்கமும் படிக்கட்டு உண்டு. மாடு குளிப்பாட்டக்கூடச் சரிவு உண்டு. காலனி ஜனங்களுக்கு மட்டும் படி கிடையாது. நாங்களும் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், அவர்களும் அதே கோயிலுக்கு வருகிறவர்கள். ஒரே சாமியார், ஒரே பூசை, குளம் மட்டும் வேறு. எங்கள் ஊரில் குளத்தை மூட வேண்டிய தேவையே வரவில்லை. அவர்கள் இறங்க மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது, குளத்துப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. மற்றது தீரவில்லை. நாங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டால், படி இருந்த பக்கம்.

அந்தப் பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இந்தியாவிலேர்ந்து வர்றவங்க, 'எங்களுக்கும் அந்த வலி தெரியும்'னுதான் எங்ககிட்ட சொல்லுவாங்க. 'நாங்களும் செஞ்சோம்'னு சொன்ன மொத ஆளு நீங்க" என்றார். பிரெண்டா என் முழங்கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். அன்றைக்குத்தான் எங்களுக்குள் சம்பந்தம் முடிந்தது என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். நிச்சயதார்த்தமெல்லாம் அதற்குப் பிறகு.

நீ காரில் ஏறியதும் ஆரம்பித்தாய். "ஏம்மா, நம்ம ஊரு அசிங்கத்தப் போயி அங்க சொல்லணுமா?"

"அவங்க அவங்க ஊரு அசிங்கத்தப் படமாவே எடுத்துக் காட்டறாங்க. நான் வாயாலதான சொன்னேன்."

"அதுக்கில்லம்மா. நாமளும் அவங்க கண்ணுக்குக் கருப்புதான். நம்மளும் அந்தப் பக்கம்தான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல."

முன் சீட்டிலிருந்த நியா திரும்பி, என்ன சண்டை என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, அம்மா நன்றாகப் பேசினார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றாய். ஒரே மாலையில் இரண்டாவது தடவை மாற்றிச் சொன்னாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

ஆனால் நாமும் கருப்புதான் என்றாயே, அதற்கு மறுநாளே எனக்குப் பதில் கிடைத்தது. உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. பிரெண்டா என்னை ஒரு பெரிய அழகுசாதனக் கடைக்கு அழைத்துப் போனார். பவுண்டேஷன் வைத்திருந்த அலமாரியில் எத்தனை பழுப்பு! சுக்கு நிறத்திலிருந்து புளியங்கொட்டை நிறம் வரை வரிசையாக. நம்மூருக்கு வரும் சரக்கில் என் நிறத்துக்குப் புட்டியே கிடையாது. இரண்டைக் கலந்து சமாளிப்பேன். அங்கே என் கன்னத்தில் தடவிப் பார்த்தேன், தடவிய இடம் தெரியவில்லை. சந்தோஷத்தில் பிரெண்டாவைக் கூப்பிடத் திரும்பினால், கடைக் காவலாளி அவருக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தான். அவர் நின்றால் அவனும் நின்றான். அவர் ஒரு டப்பாவை எடுத்தால் அவன் கழுத்தை நீட்டினான். நான் இந்தக் கோடியில் கை நிறையப் புட்டிகளோடு, பையைத் திறந்து போட்டபடி நிற்கிறேன், என்னை ஒருவரும் பார்க்கவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே நிறம், அருள். புறங்கையோடு புறங்கையை வைத்துப் பார்த்தோம்.

வெளியே வந்து கேட்டேன், கோபம் வரவில்லையா என்று. "வரும். ஆனா கத்திரிக்கா வாங்கப் போனாலும் அவன் வருவான். தெனம் கத்த முடியுமா?" என்று சொல்லிவிட்டு, என் புடவையைத் தொட்டுக் காட்டினார். "இது உங்களுக்குக் குடை மாதிரி. எனக்கு மழை, உங்களுக்கு மழை இல்ல." பிறகு காரைக் கிளப்பாமல் உட்கார்ந்துகொண்டு உன்னைப் பற்றிப் பேசினார். "உங்க பையன் நல்லவன். ஆனா எதையும் வழவழன்னு ஆக்கிடறான். அது அவனுக்கு வேலை செய்யுது, அதனால எல்லாருக்கும் வேலை செய்யும்னு நெனைக்கறான். என் பொண்ணுக்கு அது வேலை செய்யாது. அவகிட்ட ஒருத்தன் என்ன சொல்றான்னு அவளுக்கு அப்படியே தெரியணும். தெரியலன்னா அவளுக்கு ஆபத்து." நான் அதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருப்பேன். ஆனால் கட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே மாமியாரிடம் பேச்சு வாங்க வைக்க வேண்டாமே என்று விட்டேன்.

இந்த வழவழப்பு உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவிடமிருந்து. அவருடைய அக்கா சொன்னதை என்னிடமும், நான் சொன்னதை அவர் அக்காவிடமும் சர்க்கரை போட்டே கொடுத்துப் பழகியவர் அவர். "அக்கா ஒன்ன விசாரிச்சாங்க" என்பார். அக்கா விசாரித்தது, இவள் ஏன் பூசைக்குப் பாதியில் வந்தாள் என்று. அப்படித்தான் எங்கள் இல்லறம் ஓடியது, நான் குறை சொல்லவில்லை. எங்களுக்குள் அது ஓடும். ஒரே ஊர், ஒரே சனம், அவர் சர்க்கரை போடுகிறார் என்பது எனக்கும் தெரியும், அவர் அக்காவுக்கும் தெரியும். ருசி பார்த்தே அசல் என்னவென்று கண்டுபிடித்துவிடுவோம். நியாவுக்கு அந்த வசதி இல்லை. அவளுக்கு நம் மொழி தெரியாது. நீ சொல்வது ஒன்றுதான் அவளுக்குக் காது.

இனி நம்மூரில் நடந்த உங்கள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறேன். அட்லாண்டாவில் வாங்கிய புட்டிகளை நான் பெட்டியில் துணி சுற்றி எடுத்து வந்தது அவளுக்காகத்தான். மணப்பெண்ணை நானே உட்கார வைத்து அலங்காரம் செய்தேன். என்னிடம் வேலை பார்க்கும் பெண், "ஒரு ஷேடு ஏத்திப் போடுங்கக்கா, போட்டோவுல எடுப்பா இருக்கும்" என்றாள். இந்த வார்த்தையை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், செய்தும் கொடுத்திருக்கிறேன், வாடிக்கையாளர் கேட்பதைக் கொடுப்பதுதான் என் தொழில். அன்றைக்கு மணப்பெண் கேட்கவில்லை, நானும் ஏற்றவில்லை. அவள் நிறத்துக்கு மாம்பழ மஞ்சள் பட்டும் தங்கமும் எப்படி இருந்தன என்று நீ பார்த்தாய். பீடத்துக்கு முன்னால் நின்றபோது உன் வாய் திறந்தபடி இருந்தது, வீடியோவில் இருக்கிறது. அந்த வீடியோக்காரர் பெரிய விளக்கை அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்தபோது, நியா தாலி கட்டுவதற்கு முன்னாலேயே எழுந்து போய், அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சாமியாரே சிரித்துவிட்டார்.

சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு. பக்கத்துத் தலத்தெருவிலிருந்து உன் அத்தை, அதாவது என் அண்ணி, மேடைக்கு வந்தார். நியாவின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தார். வாஞ்சையாகத்தான் செய்தார். பிறகு சொன்னார்: "பொண்ணு குணமா இருக்கா. பொறக்கப்போற புள்ள மட்டும் நம்ம அருளு நெறத்துல பொறந்துட்டா போதும், மாதாவே. இவ நெறத்துல வந்துடக் கூடாது."

நியா உன்னிடம், என்ன சொல்கிறார் என்று கேட்டாள். "சீக்கிரம் பிள்ளை பிறக்கணும்னு ஆசீர்வாதம் பண்றாங்க" என்று நீ சொன்னாய். அவள் உன்னைப் பார்க்கவில்லை, அருள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மாதிரிப் பேச்சு எந்த மொழியில் வந்தாலும் அதன் முகம் அவளுக்குப் பழக்கம். அவள் தெரிந்துகொள்ள விரும்பியது, இந்த வீட்டில் யாராவது அவளிடம் உண்மையைச் சொல்வார்களா என்பது மட்டும்தான். நான் சொன்னேன், வார்த்தைக்கு வார்த்தை, இங்கிலீஷில். பக்கத்தில் பிரெண்டாவும் இருந்தார். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய்.

நியா அத்தையின் கையை விடவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நிதானமாக ஒன்று சொன்னாள். அதை நான் தமிழில் சொன்னேன்: "அண்ணி, அவ என்ன சொல்றான்னா, 'எங்கம்மா நெறத்துல ஒரு புள்ள பொறக்கணும்னு நான் வேண்டிக்கிட்டிருக்கேன். எனக்காக நீங்களும் அதயே வேண்டிக்குங்க'ங்கறா."

அண்ணி கையை உருவிக்கொண்டார். மேடையை விட்டு இறங்கினார். பந்தியில் இலை போட்டு வைத்திருந்தார்கள். உட்காராமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். தம்பி மகன் கல்யாணத்தில் அக்கா சாப்பிடாமல் போவது நம் வீட்டில் சின்ன விஷயமில்லை. உன் அப்பா வாசல் வரை ஓடிப்போய்த் திரும்பி வந்தார். நீ என்னை ஓரமாக அழைத்துப்போய், "மண்டபத்துல வச்சு சொல்லணுமாம்மா?" என்று கேட்டாய். "மண்டபத்துலதான அவங்களும் சொன்னாங்க" என்றேன். அட்லாண்டாவுக்குத் திரும்பிப் போகும்வரை நீ என்னோடு சரியாகப் பேசவில்லை. விமான நிலையத்தில் நியாதான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். உன் அத்தையும் அதற்குப் பிறகு நம் வீட்டுப் படி ஏறவில்லை. மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டுக் கடை மாறிப் போனார்.

இது வரைக்கும் உனக்குத் தெரியும். இதற்குப் பிறகு நடந்தது தெரியாது. அதனால்தான் நேற்று நீ அப்படிப் பேசினாய்.

நியா உண்டாகியிருக்கிறாள் என்று நீ சொன்ன வாரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசை முடிந்து, நான் நேராகத் தலத்தெருவுக்குப் போனேன். அப்பாவை அழைக்கவில்லை, சர்க்கரை வேண்டாம் என்றுதான். அண்ணி கதவைத் திறந்து, உள்ளே வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் நின்றார்.

"சமாதானம் பேச வந்தியா?"

"இல்ல அண்ணி. படம் காட்ட வந்தேன். ஒங்க மருமக எடுத்த படம்."

"நான் எதுக்குப் பாக்கணும்?"

"நீங்க அவள ஒரு தடவதான் பாத்திருக்கீங்க. அவளப் பத்திப் பேசறதுக்கு அது பத்தாது."

கதவை விட்டு நகர்ந்து வழி விட்டார். நியா அனுப்பியிருந்த படத்தை அவர் வீட்டு டிவியில் போட்டேன். முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு வசனத்தையும் சொல்லிக்கொண்டே வந்தேன். எதையும் மாற்றவில்லை, கெட்ட வார்த்தைகளைக்கூட. குளத்தில் மண் கொட்டும் இடத்தில், "அய்யய்யோ, மீனெல்லாம் என்னாவும்?" என்றார். "அது சிமெண்டுக் கொளம் அண்ணி, மீனு கெடையாது" என்றேன். துண்டோடு நிற்கும் சிறுமியைப் பார்த்த பிறகு கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். படம் முடிந்தது. டிவி வெறுமையாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான் சொன்னத அந்தப் பொண்ணு மறந்துட்டாளா?"

"இல்ல அண்ணி. ஞாபகம் வச்சிருக்கா."

"மறந்துட்டான்னு நீ சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்." பிறகு, "போன் போடு" என்றார்.

இங்கே ராத்திரி, அங்கே அப்போது காலைதான். நீ வேலையாக வெளியூர் போயிருந்தாய். நியா எடுத்தாள். அண்ணி போனை வாங்கி வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நான் சொன்னது தப்புன்னு சொல்லு. ஆனா சின்னதுலேர்ந்து என்னப் பாத்து எல்லாரும் சொன்னதத்தான் நான் திருப்பிச் சொன்னேன், அதயும் சொல்லு. ரெண்டயும் சொல்லணும், ஒண்ண விட்டுடாத." இரண்டையும் சொன்னேன். உன் அத்தையை எத்தனை பேர் பெண் பார்க்க வந்து, நிறத்தைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ப் பதில் போடுகிறோம் என்று சொல்லிப் போனார்கள் என்பது உனக்குத் தெரியாது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அதை என்னிடம் சொன்னதே இல்லை.

அந்தப் பக்கம் நியா இரண்டையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "முதலாவதை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாவதைப் பற்றி நேரில் பேச வேண்டும். குழந்தையோடு வருகிறேன் என்று சொல்லுங்கள்." நான் சொன்னதும் அண்ணி, "வரட்டும்" என்றார். அவ்வளவுதான். அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை, அவள்தான் ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாளே. எனக்கு ஒரு தட்டில் சோறு போட்டு வைத்தார், நான் சாப்பிட்டேன்.

நியா இதை உன்னிடம் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்டேன். "அவரிடம் நான் சொன்னால், 'பார்த்தாயா, எல்லாம் சரியாகிவிட்டது' என்று சொல்லிவிடுவார். எல்லாம் சரியாகவில்லை. பேச்சு ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான். அவராகக் கேட்கட்டும்" என்றாள். அவள் உன்னை எவ்வளவு சரியாகப் படித்து வைத்திருக்கிறாள் பார். நேற்று நீ அவள் மனசு கஷ்டப்படும் என்றாய். அவளைக் கேட்டுவிட்டா சொன்னாய்? அவள் வரத் தயாராக இருக்கிறாள். அத்தை தயாராக இருக்கிறார். பயப்படுவது நீ ஒருவன்தான், அருள். அதற்கு அவள் பெயரைச் சொல்லாதே.

குழந்தை எந்த நிறத்தில் பிறக்கும் என்று எனக்குத் தெரியாது, கவலையும் இல்லை. ஆனால் எந்த நிறத்தில் பிறந்தாலும் அந்தக் குழந்தையை ஒரு கடைக்காரன் பின்தொடர்வான், ஒரு டீச்சர் முறைப்பாள், நம்மூரிலும் யாராவது ஒரு வார்த்தை விடுவார்கள். அப்போது அது உன்னிடம் ஓடிவந்து, அவங்க என்னப்பா சொன்னாங்க என்று கேட்கும். அந்த நேரத்தில் நீ சிரித்துக்கொண்டு வேறு எதையாவது சொன்னால், அது உன்னிடம் கேட்பதை நிறுத்திவிடும். பிரெண்டா நியாவுக்கு எதையும் மாற்றிச் சொல்லவில்லை. அதனால்தான் நியா அந்தப் படத்தை எடுத்தாள். அவளைப் போல உண்மையைத் தாங்கும் பிள்ளையாக உன் பிள்ளையும் வளர வேண்டுமென்றால், அது பிறந்ததிலிருந்தே இரண்டு ஊரையும் பார்க்க வேண்டும், இரண்டு ஊர்ப் பேச்சையும் கேட்க வேண்டும்.

தை பிறந்ததும் வாருங்கள், மழை விட்டிருக்கும். சாமியாரிடம் தேதி கேட்டுவிட்டேன், உன்னைக் கேட்காமல். பிரெண்டாவுக்கு டிக்கெட் நீதான் எடுக்க வேண்டும், அவர் வரவில்லை என்றால் நான் விட மாட்டேன். நம் சனம் எல்லோரையும் அழைத்திருக்கிறேன், வாய் நீளமானவர்கள் உட்பட. மண்டபத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் நியாவின் படத்தைத் திரை கட்டிப் போடப்போகிறேன். படம் முடிந்ததும் யாரும் வண்டி எடுக்க ஓட முடியாது, கதவருகே உன் அப்பாவை நிறுத்தப்போகிறேன். மைக்குக்கும் சொல்லியாகிவிட்டது.

பேசுவார்கள். பேசட்டும். நாமும் பேசுவோம்.

உன் அம்மா